நூற்றுப் பதினாறு நாள்

சின்னவளிடமிருந்து போன் வந்தபோது பல்லக்கா ஒரு கீழ்த்தாடைக்கு மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். செயற்கைப் பல் செய்யும் லேபில் பதினெட்டு வருஷமாக அவளுக்கு வேலை. பல் செய்கிற அக்கா என்பதைச் சுருக்கி யாரோ ஒருநாள் பல்லக்கா என்றார்கள். இப்போது டாக்டர்கள் அனுப்பும் சீட்டிலேயே அப்படித்தான் எழுதி வருகிறது. மெழுகுக் கத்தி சூடாக இருக்கும்போது அவள் போனைத் தொடமாட்டாள். தங்கை விடாமல் மூன்றாம் முறை கூப்பிட்டதால் கத்தியை வைத்துவிட்டு எடுத்தாள்.

“அக்கா, பயப்படாம கேளு.”

இப்படி ஆரம்பித்தால் யாருக்குத்தான் பயம் வராது? பல்லக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“என் வலது கண்ணுல, உள்ளே பின்பக்கம் சின்னதா ஒரு ஓட்டையாம். நேராப் பார்த்தா நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது. இடது கண்ணு ஏற்கெனவே மங்கல்னு உனக்குத் தெரியுமே. ஆபரேஷன் பண்ணி கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழி வெப்பாங்களாம். அது மேலே போய் ஓட்டையை அழுத்திப் பிடிச்சுட்டு இருந்தாத்தான் மூடுமாம். அதுக்கு நான் பத்து நாள் குப்புறவே இருக்கணும்.”

“குப்புறன்னா?”

“குப்புறதான். சாப்பாடு, தூக்கம், எல்லாம் தரையைப் பார்த்து. மணிக்குப் பத்து நிமிஷம் எழுந்து நடக்கலாம். அப்பவும் தலை நிமிரக் கூடாது.”

“யாருடி பாத்துக்குவா உன்னை?”

சின்னவள் வெளிநாடு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அங்கே ஒரு பொது நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வீட்டில் அவளும் இரண்டு தொட்டிச் செடிகளும் மட்டும்.

“ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் கேட்டாங்க. கூட ஆள் இருந்தாத்தான் தேதி கொடுப்போம்னாங்க. இருக்காங்கன்னு சொல்லிட்டேன். இன்னிலேர்ந்து சரியா அஞ்சாவது வாரம் ஆபரேஷன். தள்ளிப்போட்டா போன பார்வை திரும்பாதாம்.”

“நான் வரேன்” என்றாள் பல்லக்கா. சொல்லி முடித்த பிறகுதான், விமானத்தின் படியைக்கூடத் தான் இதுவரை மிதித்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பாஸ்போர்ட் மட்டும் கையில் இருந்தது. அதற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். “வண்டி இல்லாட்டியும் லைசென்ஸ் இருக்கணும்” என்று சொல்லிப் பல வருஷம் முன்பே இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் அதைப் பீரோவிலிருந்து எடுத்துக் கடைசித் தேதியைப் பார்த்தார்.

“ஒன்பது மாசம் இருக்கு. நல்லவேளை. திரும்பி வர்ற நாள்லேர்ந்து ஆறு மாசம் உயிரோட இருக்கணுமாம்.”

“யாரு, நானா?”

“பாஸ்போர்ட்டும்மா.”

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்க ரொம்ப நாள் ஆயிற்று.

விசா வேலையெல்லாம் செய்துகொடுப்பவர் செல்போன் ரிப்பேர்க் கடைக்கு மேலே மாடியறையில் இருந்தார். சுவர் முழுக்கப் பச்சை, நீலம், மஞ்சள் என்று ஃபைல்கள். ஊரே அவரை ஃபைலண்ணன் என்றுதான் சொல்லும். பல்லக்கா சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு விரலை மடக்க ஆரம்பித்தார்.

“வெள்ளைப் பின்னணியில போட்டோ. சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது. வேலை பார்க்கிற இடத்துலேர்ந்து லீவு கடிதம், திரும்பி வந்து வேலையில சேருவாங்கன்னு அதுல கட்டாயம் எழுதியிருக்கணும். ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். பயண இன்ஷூரன்ஸ். டிக்கெட் வாங்காதீங்க, முன்பதிவுச் சீட்டு மட்டும் போதும். விசா வராம டிக்கெட் வாங்கிட்டு அழுதவங்க இந்த நாற்காலியில நிறையப் பேர் உட்கார்ந்திருக்காங்க. அப்புறம் தங்கச்சி அழைப்புக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், அவங்க தங்கும் அனுமதி அட்டையோட நகல். நேர்காணலுக்குத் தேதி நான் இன்னிக்கே கேட்டு வெச்சுடறேன், அதுக்குள்ள இதெல்லாம் கொண்டாங்க. நாள் கிடைக்கவே பத்து நாள் ஆகும். அதுக்கப்புறம் பதினஞ்சு வேலை நாள்.”

பல்லக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். எல்லாம் தடங்கலில்லாமல் நடந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் விசா கைக்கு வரும். மூன்றே நாள்.

பல் வேலை செய்கிறவளுக்கு அரை மில்லிமீட்டர் பிசகும் பெரிய விஷயம். நான்கே நாளில் எல்லாக் காகிதத்தையும் சேர்த்து, நகலெடுத்து, மூலையில் எண் போட்டு, உறையில் வைத்துக் கொண்டுபோனாள். ஃபைலண்ணன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு கணினியில் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினார்.

“உங்க பிறந்த தேதி?”

“மார்ச் மூணு.” வருஷத்தையும் சொன்னாள்.

“தங்கச்சிக்கு?”

“ஜூன் இருபத்தேழு.”

“வருஷம்?”

அதே வருஷத்தைச் சொன்னாள். தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல் அந்தரத்தில் நின்றது.

“அக்கா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அம்மாதானே?”

“ஒரே அம்மாதாண்ணே.”

“மார்ச்சுல ஒரு பிள்ளை, ஜூன்ல ஒரு பிள்ளையா?”

பல்லக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; நாலு மாசம்கூட இல்லை. இத்தனை நாளும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

அது அப்பா செய்த வேலை. அவர் பாலம் கட்டும் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு பாலம் முடிந்ததும் அடுத்த ஆற்றுக்குக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதனால் பெரியவளுக்கு எட்டரை வயது ஆகும்வரை பள்ளிக்கூட வாசலே தெரியாது. கடைசியில் ஒரு ஊரில் நிலையாகத் தங்கியபோது இரண்டு பெண்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். ஒன்றாம் வகுப்பில் சேர ஆறு நிறைந்திருக்க வேண்டும், ஏழு தாண்டக் கூடாது என்றார்கள். “அப்போ ரெண்டுக்கும் ஆறு” என்றார் அப்பா. “இரட்டையா?” என்று தலைமையாசிரியை கேட்டாராம். “இல்லீங்க, இல்லீங்க” என்று பதறிப்போய், ஒருத்திக்கு மார்ச், இன்னொருத்திக்கு ஜூன் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். பாலத்துக்கு அளவு தப்பாத மனுஷன் பிள்ளைப்பேற்றுக் கணக்கில் கோட்டை விட்டுவிட்டார். வரிசையில் இன்னும் நூறு பிள்ளைகள் நின்றதால் யாரும் கவனிக்கவில்லை. சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் எல்லாம் அந்தத் தேதிகளின் மேல்தான் எழும்பின. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. கேட்க ஆளில்லை.

“உண்மையில எத்தனை வயசு வித்தியாசம்?” என்றார் ஃபைலண்ணன்.

“மூணு வருஷம், ரெண்டு மாசம்.”

“தேதியை மாத்தறதுன்னா அஞ்சாறு மாசம் ஆகும். அதுக்கு நேரமில்லை.” அவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு பண்ணலாம். அக்கா தங்கச்சின்னு காட்டிக்கவே வேண்டாம். சிநேகிதின்னு போட்டுடலாம். சின்ன வயசுலேர்ந்து ஒரே வகுப்புல படிச்சவங்க. அதுல பொய் ஏதும் இல்லையே?”

பொய் இல்லைதான். ஒரே பெஞ்சில் பத்து வருஷம் உட்கார்ந்து படித்தவர்கள். பல்லக்கா யோசிக்க ஒருநாள் கேட்டுவிட்டுப் படியிறங்கினாள். நடைபாதையில் நின்றபடியே தங்கைக்குப் போன் போட்டாள்.

“குட்டி, அழைப்புக் கடிதத்துல அக்காங்கறதை எடுத்துட்டு சிநேகிதின்னு மாத்தி அனுப்பறியா? தேதி இடிக்குது. மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவுல...”

“சரி, அனுப்பிடறேன்” என்றாள் சின்னவள்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு ஸ்பூன் உப்புக்குக்கூட நாலு கேள்வி கேட்கிறவள் அவள். பல்லக்காவுக்கு உறுத்தியது.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

சின்னவள் நீச்சல் குளத்தை விட்டு விலகி நடந்தாள்; குழந்தைகளின் கத்தல் போனில் குறைந்தது.

“அக்கா, திட்டாதே. நான் முதல்முதல்ல இங்கே வர விண்ணப்பம் போட்டப்பவே அந்த ஏஜென்ட் இதைப் பார்த்துட்டான். நூத்திப் பதினாறு நாள்தான் இடைவெளி இருக்கு, யாரும் நம்பமாட்டாங்கன்னான். உடன்பிறந்தவங்கங்கற இடத்துல ‘இல்லை’ன்னு போடச் சொன்னான். போட்டுட்டேன்.”

“இல்லைன்னா?”

“எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லைன்னு.”

பல்லக்கா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், ஏதோ தவறான எண்ணுக்குப் பேசிவிட்டவளைப் போல. பக்கத்தில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பேருந்து வந்து நின்று போயிற்று. பன்னிரண்டு வருஷம். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசியிருக்கிறாள். தும்மினால்கூடச் சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொல்லவில்லை.

“அப்புறம் அனுமதியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதையே எழுத வேண்டியதாப் போச்சு” என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். “அடுத்த வருஷம் மறுபடி புதுப்பிக்கணும். இப்போ நீ அக்கான்னு வந்தா, அவங்க என் ஃபைலைத் திறந்து பார்த்தா...”

“சரி, வெச்சுடறேன். பஸ் வந்துடுச்சு” என்றாள் பல்லக்கா. பஸ் போய் ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது.

மறுநாள் லேபில் ஒரு மேல்தாடையில் இடது கோரைப்பல்லை வலது பக்கம் வைத்து, அச்சு ஊற்றுமளவுக்குக் கொண்டுபோய்விட்டாள். முதலாளி பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்தார். பதினெட்டு வருஷத்தில் இது முதல் தடவை. சிநேகிதி என்றே போய்விடலாம் என்று அவள் தீர்மானித்திருந்தாள். கோபத்துக்கு இப்போது நேரமில்லை. சிநேகிதி என்று போனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் விமான நிலையத்தில் யாராவது, “இவர் உங்களுக்கு யார்?” என்று கேட்டால் வாய் உளறிவிடுமோ என்று பயமாக இருந்தது. காலையில் குளிக்கும்போதே “சிநேகிதி, சிநேகிதி” என்று சொல்லிப் பார்த்திருந்தாள். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

“யாரு அது உள்ளே?”

“யாருமில்லை. பழகிப் பார்த்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. “கண்ணாடியைப் பார்க்காம வண்டியைப் பின்னாடி எடுக்கற மாதிரி இருக்கு எனக்கு” என்றார்.

அன்று மதியம் தங்கையே கூப்பிட்டாள்.

“அக்கா, குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். எனக்கு ஒரு அக்கா இருக்கா, மறைச்சுட்டேன், திருத்திக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டேன். ரசீது கொடுத்தாங்க. பதில் எப்போ வரும், என்ன வரும்னு தெரியாதாம்.”

“யாருடி உன்னைக் கேட்டா?” பல்லக்கா கத்தியதில் லேபில் அரைக்கும் இயந்திரம்கூட நின்றுவிட்டது. “சிநேகிதின்னு வரேன்னு நானே சொல்லிட்டேனே! உன் வேலை, வீடு, கண்ணு, எல்லாம் அங்கதானே இருக்கு? அனுப்பிட்டாங்கன்னா என்ன பண்ணுவே?”

“தெரியலை. இங்கே ஒரு வக்கீலைக் கேட்டேன், அவரும் வேண்டாம்னுதான் சொன்னார். ஆனா ராத்திரியெல்லாம் அந்த ‘இல்லை’யே கண்ணு முன்னாடி நிக்குது. பத்து நாள் எனக்குச் சோறூட்ட வர்றவளை யாரோன்னு சொல்லிட்டு நான் எப்படிப் படுத்துக் கிடப்பேன்? நீ அக்காவாவே வா. ஆதாரம் ஏதாவது கிடைக்குமா பாரு.”

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்றே பல்லக்காவுக்குத் தெரியவில்லை. நேர்காணலுக்கு ஐந்து நாள் இருந்தது.

ஆதாரம் என்று யோசித்தபோது ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சின்னவள் பிறந்த ஆஸ்பத்திரி. அம்மா அடிக்கடி சொல்வாள்: டிசம்பர் பதினொன்று, விடிகாலை, ஆற்றில் தண்ணீர் வந்த அன்று. அந்த ஊர் காரில் மூன்று மணி நேரம். வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார். கூரை மேல் பழகுநர் பலகையோடு நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினார். சைக்கிள்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

பதிவேட்டு அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட அம்மாள் மூக்கில் துணியைக் கட்டியிருந்தாள்.

“வருஷம் தெரியுமா? தேதி தெரியுமா? தெரியும்னாத்தான் தேட முடியும். இல்லைன்னா நானும் நீங்களும் இங்கேயே ரிட்டையர் ஆக வேண்டியதுதான்.”

தேதியைச் சொன்னாள். அரை மணி நேரம் கழித்துப் பூச்சி அரித்த ஒரு பெரிய புத்தகம் வந்தது. அந்த வாரத்தில் அம்மாவின் பெயரிலேயே மூன்று பேர் பிள்ளை பெற்றிருந்தார்கள். முதல் பெயருக்குக் கணவன் பெயர் வேறு. இரண்டாவதுக்குப் பிறந்தது ஆண். மூன்றாவதில் விரலை வைத்த அம்மாள் சத்தமாகப் படித்தாள்.

“கணவர் தொழில் பாலம் மேஸ்திரி. பிறந்தது பெண், இரண்டே முக்கால் கிலோ. இதுக்கு முன் பிறந்து உயிரோடுள்ள குழந்தைகள்: ஒன்று. பெண். வயது மூன்று.” நிமிர்ந்து பார்த்தாள். “இந்த மூணு வயசு நீங்கதானா?”

“நான்தான்” என்று பல்லக்கா அந்த வரியை விரலால் தொட்டாள்.

நகலெடுத்துக் கொடுத்தாள். ஆனால் தலைமை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அவர் லீவில் இருந்தார். திங்கட்கிழமைதான் வருவார். நேர்காணல் செவ்வாய்க்கிழமை காலை. மறுபடி திங்கட்கிழமை மூன்று மணி நேரம் போய், அவருக்காக மதியம்வரை காத்திருந்து, முத்திரையின் மை காயாத காகிதத்தை மடியில் விரித்தபடியே பல்லக்கா திரும்பி வந்தாள். கார்க் கண்ணாடியை ஏற்றி வைத்தால் வியர்த்தது, இறக்கினால் காகிதம் பறந்தது. மூன்று மணி நேரமும் வியர்வையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஃபைலண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒரு புது ஃபைலை எடுத்தார். “சிநேகிதின்னு சொன்னதை மறந்துடுங்க அக்கா. இது இருக்கறப்போ அது வேண்டாம். ஆனா ஒண்ணு, இதை அவங்க எப்படி எடுத்துக்குவாங்கன்னு நான் உத்தரவாதம் கொடுக்க முடியாது.” இரண்டு தேதிகளும் எப்படி வந்தன என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி, வக்கீலிடம் கையெழுத்து வாங்கி, அதன் மேல் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காத்திருக்கும் அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். எண் கூப்பிடும்போது மட்டும் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிர்ந்து ஒன்றாகக் குனிந்தன. அவள் எண் வந்ததும் ஃபைலை அணைத்துக்கொண்டு எழுந்து போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, நரைத்த தாடி. பக்கத்தில் அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல ஒரு பெண்.

அதிகாரி காகிதங்களை ரொம்ப நேரம் படித்தார். ஒருமுறை பின்னால் புரட்டிப் போனார். ஏதோ சொன்னார்.

“உங்க ரெண்டு பேருக்கும் நூத்திப் பதினாறு நாள்தான் வித்தியாசம்னு கேக்கறார்” என்றாள் அந்தப் பெண்.

“பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுக்காக அப்பா கொடுத்த தேதிங்க அது. உண்மை அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்துல இருக்கு.”

“உங்க தங்கை இத்தனை வருஷமா உடன்பிறந்தவங்களே இல்லைன்னு எழுதியிருக்காங்க. போன வாரம்தான் திருத்தம் கேட்டிருக்காங்க. ஏன் மறைச்சாங்கன்னு கேக்கறார்.”

வரும் வழியெல்லாம் இதற்கு நீளமான பதில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தாள். அதில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை.

“பயந்துட்டா” என்றாள்.

“நீங்க பயப்படலையா?”

“இப்பவும் பயந்துட்டுத்தான் இருக்கேன். எனக்கு விசா கிடைக்குமோ கிடைக்காதோன்னு பயம். கிடைக்காட்டிக்கூடப் பரவாயில்லை, இதனால அவளை ஏதாவது பண்ணிடுவீங்களோன்னு பெரிய பயம். ஆனா அவளுக்குப் பத்து நாள் தலையைத் தூக்க முடியாது. நான் போகணும்.”

பெண் அதைச் சொல்லச் சொல்ல அதிகாரி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. விரல் ரேகை எடுக்கும் கண்ணாடியைக் காட்டினார். பல வருஷம் பிளாஸ்டர் பிசைந்த விரல்கள். மூன்றாவது தடவைதான் பதிந்தது. “முடிவு தெரிவிக்கப்படும்” என்றாள் பெண். அவ்வளவுதான்.

பிறகு காத்திருப்பு. தினமும் காலையில் வீட்டுக்காரர் கணினியில் அந்த நீள எண்ணை அடிப்பார். ‘பரிசீலனையில்’ என்று வரும். அவர் கால் பிரேக்கை அழுத்தும். பல்லக்கா பெட்டியை மூன்று தரம் அடுக்கி மூன்று தரம் பிரித்தாள். அங்கத்திய சுவரில் நம் பிளக் சேராது என்று கேள்விப்பட்டு அதற்கு ஒரு மாற்றுச் செருகி வாங்கி வந்தாள். ரத்த அழுத்த மாத்திரைக்கு டாக்டரிடம் சீட்டு எழுதி வாங்கினாள். வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவி மேல் ஏறி நின்று, பிறகு தான் மட்டும் நின்று, இரண்டையும் கழித்துப் பார்த்தார். பெட்டி சரியாக இருந்தது; அவர்தான் இரண்டு கிலோ இளைத்திருந்தார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், “வந்துச்சா?” என்ற ஒரே கேள்வியைக் காலை, மாலை அனுப்பினாள்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருந்தபோது வர வேண்டிய உறை வரவில்லை. மறுநாள் பகல் பதினொரு மணிக்கு லேப் வாசலில் கூரியர்காரர் நின்றார். பல்லக்கா உறையை வாங்கி முதலாளியிடம் நீட்டினாள். அவர் மெழுகுக் கத்தியால் கீறிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். வெறும் பக்கம், வெறும் பக்கம், வெறும் பக்கம். அப்புறம், ஒட்டியிருந்த விசாவில் அவள் முகம். பல் தெரியாத, சிரிக்காத முகம். ஒருமுறை நுழைய அனுமதி, முப்பது நாள்.

அவள் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அன்று சாயங்காலமே டிக்கெட் வாங்கி, மறுநாள் காலை விமானம் ஏறினாள்.

அங்கே இறங்கியதும் வரிசையின் முடிவில் உட்கார்ந்திருந்த அதிகாரி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கான பதிலை அந்த நாட்டு மொழியில் சொல்லத் தங்கை போனில் கற்றுக்கொடுத்திருந்தாள். “என் தங்கை” என்றாள் பல்லக்கா. முத்திரை விழுந்தது. வெளியே சின்னவள் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அக்கா பக்கத்தில் வந்து நின்று தோளைத் தொட்டபிறகுதான் தெரிந்தது. “இவ்ளோ மோசமாவாடி இருக்கு?” என்றாள் பல்லக்கா. சின்னவள் அக்காவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு வந்த பத்து நாள்தான் மலையாக இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட தலையணையில் முகத்தைப் புதைத்துச் சின்னவள் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். முதுகோடு பேசிப் பேசி முதல் நாளே பல்லக்காவுக்கு அலுத்துவிட்டது. கட்டில் ஓரத்துக்குத் தலையணையை இழுத்து, தான் தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்தாள். இப்போது நேர் மேலே தங்கையின் முகம், உப்பி, சிவந்து.

“ஏண்டி என்கிட்ட சொல்லலை?” என்றாள். ஒரு மாசமாக அவள் மனசில் வைத்திருந்த கேள்வி.

“எப்படிச் சொல்றது? எழுதின அன்னிக்கே சொல்லியிருக்கணும். அப்புறம் நாளாக நாளாக அது பெரிசாயிடுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இன்னிக்குச் சொல்லிடலாம்னு நினைப்பேன். நீ உடனே சாப்பிட்டியான்னு கேப்பே.”

“கேட்டா?”

“கேட்டா எப்படிச் சொல்றது?”

மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு பல்லக்காவின் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. “கண்ணைக் கசக்காதே, டாக்டர் சொல்லியிருக்கார்” என்றாள்.

எட்டாம் நாள் தபால்பெட்டியில் அரசு முத்திரையோடு ஒரு கடிதம் இருந்தது. சின்னவளால் தலையைத் தூக்க முடியாது; மங்கலான இடது கண்ணால் அத்தனை பொடி எழுத்தைப் படிக்கவும் முடியாது. பல்லக்காவுக்கு அந்த மொழி தெரியாது. மருந்துப் புட்டிகளின் மேல் பார்த்துப் பார்த்து எழுத்துகள் மட்டும் தெரியும். பாயில் படுத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்துக்கூட்டிப் படித்தாள். சின்னவள் மேலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னாள்.

“உங்கள்... கடிதம்... கிடைத்தது. அடுத்தது படி.”

அடுத்த வரி நீளமாக இருந்தது. பல்லக்கா ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள். சின்னவள் மூச்சை நிறுத்திவிட்டாள்.

“என்னடி? என்னடி அது?”

“இன்னொரு தரம் படி. ஒவ்வொரு எழுத்தாச் சொல்லு.”

சொன்னாள். சின்னவள் மெதுவாக மூச்சை விட்டாள். “நிராகரிப்புன்னு நினைச்சுட்டேன். அது பதிவு. திருத்தம் பதிவு செய்யப்பட்டது. மேல்நடவடிக்கை இப்போது இல்லை. அடுத்த புதுப்பித்தலில் நேரில் விளக்கம் கேட்கப்படலாம்.”

“கேக்கப்படலாம்னா? கேப்பாங்களா, மாட்டாங்களா?”

“அது அவங்களுக்கே தெரியாது போல.”

முழு நிம்மதி இல்லை. ஆனால் அன்று இரண்டு பேரும் தட்டு நிறையச் சாப்பிட்டார்கள். சின்னவளுக்குத் தலையணைக்குக் கீழே கிண்ணத்தை வைத்து ஸ்பூனால் பல்லக்கா ஊட்டினாள்.

பதினோராம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தெருவில் சின்னவள் தலை குனிந்தே நடந்தாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “படி... கல்லு... இடது பக்கம் சைக்கிள் வருது” என்று சொல்லிக்கொண்டே போனாள். டாக்டர் கருவியில் அவள் தாடையை வைக்கச் சொல்லி உள்ளே வெளிச்சத்தைப் பாய்ச்சினார். அறை இருட்டாக இருந்தது. பல்லக்கா மூலையில் நின்று கைப்பையின் வாரைத் திருகினாள். டாக்டர் இடதும் வலதும் மாற்றிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பின்னால் சாய்ந்து இரண்டு மூன்று வார்த்தை சொன்னார்.

“மூடிடுச்சாம்” என்றாள் சின்னவள். “பார்வை முழுசாத் திரும்ப ஆறு மாசம் ஆகுமாம். எழுத்தெல்லாம் கொஞ்சம் வளைஞ்சுதான் தெரியுமாம். ஆனா மூடிடுச்சு.”

“தலையைத் தூக்கலாமா?”

“தூக்கலாமாம்.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். பாதி வழியிலேயே முகத்தைச் சுளித்து, “ஐயோ, கழுத்து” என்றாள். பல்லக்கா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்து அழுத்திவிட ஆரம்பித்தாள். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடும்வரை விடவில்லை.